கேஜில் ஏறும் எண்ணெய்

2024 மார்ச். பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகமே விலை வைக்க வேண்டி வந்த கோடை அது. அடுகோடியில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு தண்ணீர் டிராக்டரை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். ஆனேக்கல் பக்கத்துக்காரர் ஒருவரின் வண்டி. ஊரில் உழுதுகொண்டிருந்த டிராக்டருக்கு டேங்கர் மாட்டி சர்ஜாபுர ரோட்டு அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நல்ல ஆயில்தான் ஊத்தினேன். ஃபுல் சிந்தெட்டிக். ஐநூறு மணி நேரம் தாங்கும்னு கடையில சொன்னாங்க. மீட்டர்ல முந்நூறுகூட ஆகல."

இன்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பைக் கழற்றினேன். எண்ணெய் தண்ணீர்போல ஓடியது. டீசல் வாடை மூக்கில் ஏறியது. பேரிங் ஷெல்லின் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது.

"ஆயில் லெவல் பார்த்தீங்களாண்ணா?"

"டெய்லி பார்க்கறேன். குறையவே இல்ல மேஸ்திரி. மேல்கோட்டுக்கும் மேலதான் நின்னுச்சு. இன்ஜின் ஆயிலே குடிக்கல, நல்ல ஆயில்னு சந்தோஷப்பட்டேன்."

நாற்பது வருடமாக எண்ணெயில் கை வைத்திருக்கிற எனக்கு அந்தப் பதில் தூக்கிவாரிப் போட்டது. ஓடுகிற இன்ஜினில் எண்ணெய் தானாக ஏறாது. ஏறினால், வரக்கூடாத ஒன்று உள்ளே வருகிறது. இது நான் இந்தத் தொழிலில் கற்ற முதல் பாடம். கற்றதும் இதே அடுகோடியில்தான்.

திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறி 1984ல் இங்கே வந்தேன். அப்போது அடுகோடி என்றால் மைக்கோ. 1951ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தார்கள். நாட்டில் ஓடிய லாரிகளிலும் டிராக்டர்களிலும் மைக்கோ பம்பு இல்லாத வண்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2008ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் ஆனது. பின்னர் உற்பத்தி பிடதிக்குப் போனது. இன்று அந்த இடத்தில் கணினிக்காரர்கள் நிறைந்த வளாகம் நிற்கிறது. ஆனால் எங்கள் வயதுக்காரர்களுக்கு அங்கிருக்கும் பஸ் நிறுத்தம் இன்றைக்கும் மைக்கோதான்.

நான் வேலை கற்ற பட்டறை அந்த மதிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. அதை நடத்தியவரை எல்லோரும் உஸ்தாத் என்போம். பம்பு வேலையில் அவர் கை தொட்டால் அடுத்த கேள்வி கிடையாது. அந்தக் காலத்து இன்லைன் பம்புகள் பலவற்றில் கேம் ஷாஃப்ட் ஓடும் அறைக்குத் தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டும். மேலே டீசலை அழுத்தித் தள்ளும் எலிமெண்ட்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது தேய்ந்தால் டீசல் கசிந்து கீழே எண்ணெயில் கலக்கும். உஸ்தாத் அந்த எண்ணெயைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்ப்பார். நூல்போல இழுபட்டால் சரி. உடனே அறுந்தால் எலிமெண்ட்டை மாற்றச் சொல்வார்.

"டேய் பையா, ஆயில் கொறைஞ்சா ஊத்திக்கலாம். ஏறுச்சுன்னா பயப்படணும்" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன்.

அந்த நாளில் டிராக்டர் இன்ஜினுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது கட்டளை மாதிரி. கைவைக்கும் எண்ணெயெல்லாம் மினரல். சிந்தெட்டிக் என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. வெளிநாட்டில் அது புதிதல்ல. இரண்டாம் உலகப் போரிலேயே குளிரில் கெட்டிப்படாத எண்ணெய் வேண்டும் என்று ஜெர்மானியர்கள் செயற்கை எண்ணெய் செய்தார்கள். மொபில் 1 என்ற பெயரில் கார் எண்ணெய் 1974ல் வந்துவிட்டது.

பல வருடம் கழித்து எண்ணெய்க் கம்பெனி நடத்திய ஒரு பயிற்சி வகுப்பில்தான் வித்தியாசம் புரிந்தது. பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது மினரல். அதில் சின்ன மூலக்கூறும் பெரிய மூலக்கூறும் கலந்தே இருக்கும், ஒரே சாக்கில் குருணையும் முழு அரிசியும் கலந்த மாதிரி. சூட்டில் சின்னது ஆவியாகப் போகும், குளிரில் பெரியது கெட்டிப்படும். மூலக்கூறுகளை ஒரே அளவில் கட்டியெழுப்பிச் செய்வது பிஏஓ; எண்ணெய்க்காரர்களின் பட்டியலில் அது நான்காம் வகை. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் சேர்த்து உயர்ந்த அழுத்தத்தில் உடைத்து ஒழுங்குபடுத்தினால் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையைச் சிந்தெட்டிக் என்று விற்கலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் புகார் கொடுத்தது. விளம்பரச் சச்சரவுகளை விசாரிக்கும் அமைப்பு 1999ல் காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அதன் பிறகு டின்னில் சிந்தெட்டிக் என்று இருந்தால் உள்ளே மூன்றாம் வகையும் இருக்கலாம், நான்காம் வகையும் இருக்கலாம். இரண்டும் நல்ல எண்ணெய்தான். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கக் கூடாது.

குளிருக்காகப் பிறந்த எண்ணெய் பெங்களூருக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 15டபிள்யூ-40 என்ற எண்ணெயில் 15டபிள்யூ என்பது மைனஸ் 20 டிகிரியில் இன்ஜின் சுற்றுவதைப் பார்த்து வைத்த அளவு. ஜனவரி விடியலில் 13 டிகிரி ஆனாலே ஸ்வெட்டர் தேடுகிற ஊர் இது. இங்கே குளிர் காரணமே இல்லை. சிந்தெட்டிக் நமக்குத் தருவது வேறு. சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிக் குறைவது கம்மி, அதிக நாள் தாங்கும்.

அதிக நாள் தாங்குவதிலும் எண்ணெய்க்கு மட்டும் பெருமை சேராது. நான் தொழிலுக்கு வந்தபோது நம் டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம், அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. அது எரிந்து அமிலமாகி எண்ணெயில் இறங்கும். அமிலத்தை முறிக்க எண்ணெயில் காரம் சேர்த்திருப்பார்கள். அந்தக் காரம் தீர்ந்ததும் எண்ணெயைக் கொட்ட வேண்டும். 2020 ஏப்ரல் 1ல் நாடு முழுக்க பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது கந்தகம் வெறும் 10 பங்கு ஆகிவிட்டது. உஸ்தாத் காலத்து 250 மணிக் கணக்கு அந்தப் பழைய டீசலுக்குப் பொருத்தமான கணக்கு. இன்று அதே இன்ஜின் கூடுதலாக ஓடுவதற்கு டீசல் சுத்தமானதும் ஒரு காரணம்.

எந்த எண்ணெயானாலும், எவ்வளவு விலையானாலும், டீசல் கலந்தால் தோற்றுவிடும். அந்தத் தண்ணீர் டிராக்டரில் நடந்தது இதுதான். போர்வெல்லில் வரிசை நீளம். பேட்டரி வீக், செல்ஃப் எடுக்காது என்று டிரைவர் இன்ஜினை அணைப்பதே இல்லை. மணிக்கணக்கில் ஐடிலில் ஓடும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. முழுதாக எரியாத டீசல் ரிங்குகளைத் தாண்டி சம்ப்பில் இறங்கும். எண்ணெய் மெலியும், அளவுக்குச்சியான கேஜில் மட்டம் ஏறும்.

மீட்டரும் அவரை ஏமாற்றிவிட்டது. பழைய டிராக்டர்களின் கேபிள் மீட்டர் கடிகாரம் அல்ல. இன்ஜினின் சுற்றுகளை எண்ணி மணியாக மாற்றுவது. குறித்த வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணி நேரத்தை ஒரு மணி என்று காட்டும். பாதி வேகத்தில் ஓடினால் பாதிதான் காட்டும். மீட்டரில் முந்நூறு என்றால், அந்த இன்ஜின் உண்மையில் ஐநூறு மணிக்கு மேலே உறுமியிருக்கும். அவருக்குச் செலவான பணத்தில் புது பேட்டரி நாலைந்து வாங்கியிருக்கலாம். பேட்டரி மாற்றுங்கள், வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள், சாதாரண 15டபிள்யூ-40 போதும், மீட்டரை நம்பாமல் காலண்டரில் தேதி எழுதி மாற்றுங்கள் என்றேன். இன்றும் ஓடுகிறது அந்த வண்டி.

எண்ணெய் விஷயத்தில் என் கையாலும் ஒரு வண்டி கெட்டிருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

2001 என்று நினைவு. தனியாகப் பட்டறை போட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. மாலூரிலிருந்து செங்கல் ஏற்றி வரும் ஒரு புது டிராக்டர் சர்வீஸுக்கு வந்தது. பழைய டிராக்டர்களின் பிரேக் காய்ந்த தட்டு. இதில் பிரேக் தட்டுகள் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக், பிரேக் நான்குக்கும் ஒரே ஹவுசிங், ஒரே எண்ணெய். கியருக்கு வழுக்க வேண்டும், பிரேக்குக்குப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யவென்றே தனி டிராக்டர் எண்ணெய் உண்டு. எனக்கு அது தெரியாது. வழக்கம்போல 90 நம்பர் கியர் ஆயிலை, அதுவும் கடையில் இருந்ததிலேயே உயர்ந்ததை ஊற்றி அனுப்பினேன்.

பத்து நாளில் பிரேக் மிதித்தால் மாடு முனகுவது மாதிரி சத்தம். டிரெய்லரைத் தூக்கும் ஹைட்ராலிக் மெதுவானது. ஒரு நாள் லோடோடு இறக்கத்தில் வந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓரத்து மண்மேட்டில் ஏறித்தான் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அந்த டிரைவர் என் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் தண்ணீர் கேட்டுக் குடித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. சுமார் நாற்பது லிட்டர் எண்ணெயை இறக்கி, பிரேக் தட்டுகளை மாற்றி, மேனுவலில் சொன்ன எண்ணெயை என் செலவில் ஊற்றினேன். அன்றிலிருந்து மேனுவலைப் புரட்டாமல் எந்த வண்டியின் டிரெயின் நட்டையும் நான் தொட்டதில்லை.

கியர் எண்ணெயில் இன்னொரு பொறியும் உண்டு. ஜிஎல்-5 என்று எழுதியது ஜிஎல்-4ஐவிட உயர்ந்தது என்று நினைத்து கியர் பாக்ஸில் ஊற்றுவார்கள். ஜிஎல்-5 பின் ஆக்ஸிலின் கிரவுன் பினியனுக்கானது. அதிலுள்ள கந்தக மருந்து, கியர் பாக்ஸில் இருக்கும் பித்தளைச் சிங்க்ரோ ரிங்குகளை அரித்துவிடக்கூடும். பெரிய எண் என்றால் பெரிய எண்ணெய் என்று பொருளல்ல. வேறு வேலைக்கான எண்ணெய் என்றுதான் பொருள்.

லாரிகளில் இதே தவறு பிஎஸ்-6 வந்த பிறகு புது உருவத்தில் வந்தது. 2021ல் ஒரு நடுத்தர லாரி வந்தது. ஓசூரிலிருந்து உதிரிபாகம் ஏற்றி நகருக்குள் இறக்கும் வண்டி. தினமும் சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்தே அதன் ஆயுள் கழிந்தது. சைலன்சர் வரிசையில் இருக்கும் புகைக்கரி வடிகட்டி அடைத்து, வண்டி இழுக்கவில்லை. சேரும் கரியை அந்த வடிகட்டி அவ்வப்போது 600 டிகிரி வரை சூடேற்றித் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூட்டுக்காகப் பல வண்டிகளில் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படும். நடுவில் டிரைவர் வண்டியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்புக்குப் போகும்.

கேஜை உருவினேன். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல். உஸ்தாத் கண்முன் வந்து நின்றார். அவர் பார்த்தது பம்பின் வயிற்றில், நான் பார்த்தது இன்ஜினின் வயிற்றில். நோய் ஒன்றுதான்.

அந்த ஓனர் சிக்கனக்காரர் அல்ல, விலையுயர்ந்த சிந்தெட்டிக்தான் வாங்கியிருந்தார். ஆனால் டின்னில் சிஐ-4 என்று இருந்தது. அது 2002ல் வந்த தரம், வடிகட்டி இல்லாத வண்டிகளின் காலத்துக்கானது. வடிகட்டி உள்ள இன்ஜினுக்கு எரிந்தபின் சாம்பல் குறைவாக விடும் எண்ணெய் வேண்டும். 2016 டிசம்பரில் வந்த சிகே-4 தரத்தில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கும். சரியான தரத்தில் உள்ள சாதாரண எண்ணெய், தவறான தரத்தில் உள்ள சிந்தெட்டிக்கைவிட அந்த வண்டிக்கு ஆயிரம் மடங்கு மேல். வடிகட்டி விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைக்காமல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி அத்திப்பள்ளி வரை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வா தம்பி என்று அந்த டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அப்படியானால் சிந்தெட்டிக் யாருக்கு? அதற்கும் என்னிடம் வண்டிகள் உண்டு. ஓசூரிலிருந்து 44ம் எண் நெடுஞ்சாலையில் நாக்பூர் தாண்டி டில்லி வரை போகும் லாரிகள். நாள் முழுக்க ஒரே சீரான சூட்டில் இன்ஜின் ஓடுகிறது. டீசல் கலக்க வாய்ப்பு குறைவு. எண்ணெயைக் கெடுப்பது சூடும் காலமும்தான், அந்த இரண்டையும் தாங்கத்தான் சிந்தெட்டிக் செய்யப்பட்டது. மினரலுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுத்தாலும், மாற்றும் தடவை குறைகிறது, ஃபில்டர் மிச்சம். எல்லாவற்றையும்விட, சர்வீஸுக்காக வண்டி நிற்கும் நாளின் வாடகை மிச்சம். அந்த ஓனர்களிடம் தயங்காமல் வாங்குங்கள் என்பேன். பின் ஆக்ஸிலுக்கு 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் ஊற்றிய பிறகு, தொப்பூர் கணவாய் ஏறி வந்த வண்டியின் ஹவுசிங் முன்புபோல் கொதிக்கவில்லை என்று டிரைவர்களே சொன்னார்கள்.

இருபத்தைந்து வயது டிராக்டர் வைத்திருப்பவருக்கு வேண்டாம் என்பேன். பழைய எண்ணெயின் கசடு படிந்து படிந்துதான் அந்த ஆயில் சீல்களின் விரிசல் மூடியிருக்கும். புது சிந்தெட்டிக் அந்தக் கசடைக் கழுவிவிடக்கூடும். கழுவினால் சீல் ஒழுகத் தொடங்கும், கழன்ற கசடு சம்ப்பின் வலையை அடைக்கும். வருடத்துக்கு முந்நூறு மணி ராகி நிலம் உழுகிற வண்டிக்கு நல்ல மினரலும், சுத்தமான ஏர் ஃபில்டரும், நாள் தவறாத மாற்றமும் போதும். உழவுப் புழுதி உள்ளே போனால் எந்த எண்ணெயும் உப்புத்தாள்போல் தேய்க்கிற குழம்பாகிவிடும்.

கழிவு எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பையனாக இருந்தபோது பட்டறைகளில் பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது சாதாரணம். நானும் ஊற்றியிருக்கிறேன். இந்தப் பகுதியின் நீர் கோரமங்கலப் பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. 2015ல் அந்த ஏரி நுரைத்து ரோட்டில் பறந்ததையும், 2017ல் பற்றி எரிந்ததையும் நாடே பார்த்தது. அதில் நகரத்தின் எல்லாக் கழிவும் இருந்தது. என் பங்கும் இருந்தது என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது. இப்போது டிரம்மில் சேர்த்து, உரிமம் உள்ள மறுசுத்திகரிப்புக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். காலி டின்களில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் வெளியே விடுகிறேன், போலி எண்ணெய் நிரப்புபவன் கையில் அது போகக் கூடாது. சரியான வண்டியில் சிந்தெட்டிக் ஊற்றினால் கொட்டும் கழிவு குறைகிறது என்பதும் அதன் பக்கம் நிற்கும் ஒரு நல்ல வாதம்.

டிராக்டரோ லாரியோ வைத்திருக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். டின்னில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் தரத்தை உங்கள் மேனுவலோடு ஒப்பிடுங்கள். தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில் கேஜை உருவுங்கள். மட்டத்தைப் பாருங்கள், விரலில் தொட்டு இழுத்துப் பாருங்கள், மோந்து பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். கரியைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஏறியிருந்தால் மட்டும் சாவியைத் திருப்பாமல் உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.